பாதாளமும் நரகமும் ஒன்றல்ல

யோசேப்பின் பலவருண அங்கியை ஆட்டுக்கடாவின் இரத்தத்தில் தோய்த்து அண்ணன்மார் கொண்டுவந்து காட்டியபோது, ஏதோ காட்டுமிருகம் பிள்ளையைத் தின்றுவிட்டது என்றே யாக்கோபு நம்பினார். தேற்ற வந்தவர்களின் ஆறுதலை அவர் ஏற்கவில்லை. அழுதுகொண்டே என் மகனிடம் ஷியோலுக்கு இறங்கிப் போவேன் என்றார். ஆதியாகமத்தில் வரும் இந்த எபிரேயச் சொல்லை 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் 'கிரேவ்' என்று, அதாவது கல்லறை என்று, மொழிபெயர்த்தது. மிருகம் தின்ற பிள்ளைக்குக் கல்லறை ஏது? அந்தத் தகப்பன் போய்ச்சேர நினைத்தது ஒரு குழிக்கு அன்று. மகன் எங்கே இருக்கிறானோ அங்கே. இதே ஷியோல் 9ஆம் சங்கீதத்தில் துன்மார்க்கர் போய்ச்சேரும் இடமாக வருகிறது. அங்கே அதே மொழிபெயர்ப்பாளர்கள் எழுதியது 'ஹெல்'. அந்தப் பதிப்பில் ஷியோல் வரும் 65 இடங்களில் 31 இடங்களில் 'ஹெல்', 31 இடங்களில் 'கிரேவ்', மீதி மூன்றில் 'பிட்', அதாவது குழி. நல்லவர் போனால் கல்லறை, கெட்டவர் போனால் ஹெல் என்பதுதான் பெரும்பாலும் அவர்கள் பிரித்த விதம். தாவீதின் சங்கீதங்கள் சிலவற்றிலும், மீன் வயிற்றிலிருந்து யோனா செய்த ஜெபத்திலும் அந்த வரிசை தவறுகிறது. ஆனால் எந்த இடத்தில் எந்தச் சொல் என்பதை மூலத்தின் சொல் தீர்மானிக்கவில்லை, போகிற ஆளைப் பற்றிய கணிப்பே தீர்மானித்தது என்பதில் ஐயமில்லை. மூலத்தில் இல்லாத ஒரு தீர்ப்பு மொழிபெயர்ப்புக்குள் நுழைந்துவிட்டது.

மூலத்தில் ஷியோல் எப்படிப்பட்ட இடம்? பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் அது எல்லோருக்கும் பொது. எந்தோரில் குறிசொல்லும் பெண்ணிடம் சவுல் அரசன் மாறுவேடத்தில் போய், இறந்த சாமுவேலை எழுப்பித் தரச் சொல்கிறான். கீழிருந்து ஏறிவரும் சாமுவேல், தன்னை ஏன் கலைத்தாய் என்று கடிந்துவிட்டு, நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடிருப்பீர்கள் என்ற பொருளில் சொல்கிறார். கடவுள் தேர்ந்த தீர்க்கதரிசியும் கடவுள் கைவிட்ட அரசனும் மறுநாள் ஒரே இடத்தில்! அங்கே வேலையும் இல்லை, யோசனையும் இல்லை, அறிவும் இல்லை என்கிறது பிரசங்கியின் புத்தகம். வேதனை உண்டு என்று அது சொல்லவில்லை. யோபு இன்னும் ஒரு படி மேலே போகிறார். உமது கோபம் தணியும்வரை என்னை ஷியோலில் ஒளித்துவைக்கக் கூடாதா என்று கடவுளிடமே கேட்கிறார். நரகத்தில் என்னை ஒளித்துவையும் என்று எவரும் மன்றாட மாட்டார்கள். அந்த ஒரு மன்றாட்டு போதும், ஷியோலை இன்றைய பொருளில் ஹெல் என்று படிக்கவே முடியாது என்பதற்கு.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. 'ஹெல்' என்ற சொல் அன்று கெட்ட சொல்லாகவா இருந்தது என்று கேட்கலாம். இல்லைதான். மூடுதல், மறைத்தல் என்ற பொருளுள்ள பழைய ஜெர்மானிய வேரிலிருந்து பிறந்த சொல் அது. தலையை மூடும் ஹெல்மெட்டும் அதே வேரின் பிள்ளை. கண்ணுக்கு மறைந்த இடம், மண் மூடிய இடம் என்பதே அதன் முதற்பொருள். வட ஐரோப்பியப் பழங்கதைகளில் நோயாலும் மூப்பாலும் இறந்தவர்கள் ஹெல் என்ற தேவதையின் இருப்பிடத்துக்குப் போகிறார்கள். தேவர்களிலேயே குற்றமற்றவனான பால்டரும் அங்கேதான் போகிறான். தண்டனை என்ற பொருள் அங்கே பிரதானமாக இல்லை. ஷியோலுக்கு இதைவிடப் பொருத்தமான ஜெர்மானியச் சொல் கிடைத்திருக்காது என்றே சொல்வேன். 4ஆம் நூற்றாண்டில் கோத் மொழிக்கு விவிலியத்தைக் கொண்டுவந்த ஆயர் உல்ஃபிலா செய்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். கிரேக்க மூலத்தில் இறந்தோர் உலகத்தைக் குறிக்கும் 'ஹேடிஸ்' வந்த இடத்தில் தம் மக்களின் 'ஹால்யா' என்ற சொல்லை வைத்தார். ஆங்கில ஹெல்லின் நேர் உறவுச் சொல் அது. தண்டனையிடத்தைக் குறிக்கும் 'கெஹென்னா' வந்த இடத்தில் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதினார். லத்தீனில் ஜெரோமும் கெஹென்னாவைக் கெஹென்னாவாகவே விட்டார். ஆக, சொல்லின் மேல் பழியில்லை. ஷியோல், ஹேடிஸ், டார்டரஸ், கெஹென்னா என்று தனித்தனியாக இருந்த நான்கு சொற்களுக்கும் அந்த ஒன்றையே எழுதியதில்தான் பழி. அப்படி எழுதியபின் எல்லாவற்றிலும் கொடியதன் சாயம் மற்றவற்றின் மேலும் ஏறிக்கொண்டது.

ஹேடிஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் ஷியோலுக்கு ஏறத்தாழ எல்லா இடத்திலும் அந்தச் சொல்லையே ஆண்டார்கள். புதிய ஏற்பாடு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. டார்டரஸ் இன்னும் சுருக்கம். புதிய ஏற்பாட்டிலேயே ஒரே ஒரு முறை, பேதுருவின் இரண்டாம் நிருபத்தில், அதுவும் வினைச்சொல்லாக வருகிறது. பேசப்படுவது மனிதர்களைப் பற்றியல்ல, பாவம் செய்த தூதர்களைப் பற்றி. தீர்ப்பு நாள்வரை அடைத்துவைக்கும் இருட்டறை அது. கிங் ஜேம்ஸில் இதுவும் ஹெல். இந்தக் கலப்பால் வரும் குழப்பத்தை வெளிப்படுத்தின விசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தில் கண்ணெதிரே பார்க்கலாம். முடிவில் மரணமும் ஹேடிஸும் தங்களிடம் இருந்த இறந்தோரை ஒப்படைத்துவிட்டு அக்கினிக் கடலில் எறியப்படுகின்றன. இறந்தோரின் உலகமே ஒழிந்துபோகிறது என்ற மகத்தான செய்தி அது. ஆங்கிலத்தில் படித்தவருக்கோ ஹெல்லை எடுத்து நெருப்பில் போட்டார்கள் என்று கிடைக்கிறது. ஹெல்லே நெருப்பு என்று பழகியவருக்கு இதில் ஒன்றும் விளங்காது.

நின்று பேசவேண்டிய சொல் கெஹென்னாதான். மற்ற மூன்றும் எவரும் கண்ணால் காணாத உலகங்களின் பெயர்கள். கெஹென்னாவுக்கோ இன்றைக்கும் நடந்தே போகலாம். எருசலேமின் பழைய நகருக்கு மேற்கிலும் தெற்கிலும் வளைந்து கிடக்கும் இன்னோம் பள்ளத்தாக்கு அது. 'கே இன்னோம்' என்ற எபிரேயப் பெயர் கிரேக்க வாயில் கெஹென்னா ஆயிற்று. அங்கே தோப்பேத்து என்ற இடத்தில் மோளேகு என்ற தெய்வத்துக்கென்று பெற்றோர் தங்கள் பிள்ளைகளையே தீயில் கொடுத்தார்கள். ஆகாஸ், மனாசே என்ற இரண்டு அரசர்கள் தம் பிள்ளைகளை அங்கே தீயில் கொடுத்ததை நாளாகமம் மறைக்காமல் பதிந்துவைத்திருக்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா அரசன் இனி அங்கே எவனும் பிள்ளையை எரிக்க முடியாதபடி அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தினான். அதே காலத்தவரான எரேமியா, இப்படிச் செய்யக் கடவுள் கட்டளையிடவில்லை, அது அவர் மனதில் தோன்றவும் இல்லை என்று அந்தப் பள்ளத்தாக்கைக் குறித்து முழங்கினார். இனி இதன் பெயர் சங்காரப் பள்ளத்தாக்கு என்றார். கெஹென்னா எரியும் இடமாக மனதில் பதிந்ததற்கு வேர் இதில் இருக்கிறது. நகரத்துக் குப்பையை எந்நேரமும் எரித்த கிடங்கு என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சி 1200ஐ ஒட்டி எழுதிய தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியர். இயேசுவின் காலத்துக்கும் அவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. அதற்குமுன் ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு இந்தக் குப்பைக் கதை பிழை என்பதைவிட அது மறைப்பதுதான் உறுத்துகிறது. குப்பை எரிந்த இடம் என்று சொன்னவுடன் குழந்தைகள் எரிந்த இடம் என்பது நினைவிலிருந்து போய்விடுகிறது.

அந்த நினைவோடு படித்தால் இயேசுவின் வாயில் வரும் கெஹென்னா வேறு ஒலியில் கேட்கும். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது 12 முறை. யாக்கோபின் நிருபத்தில் வரும் ஒன்றைத் தவிர மீதி 11ம் இயேசுவின் கூற்றுகளில், முதல் மூன்று சுவிசேஷங்களில் இருக்கின்றன. யாரிடம் சொன்னார்? சகோதரனைக் கேவலமாகப் பேசுகிறவனை எச்சரிக்கிறார், அது தம் சீடர்களுக்கு. இச்சையோடு பார்க்கும் கண்ணைப் பற்றிச் சொல்கிறார், அதுவும் அவர்களுக்கே. சிறியவர்களை இடறச் செய்கிறவனுக்குக் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது நலம் என்ற கடுஞ்சொல்லைத் தொடர்ந்தும் அந்தச் சொல் வருகிறது. மற்றவற்றில் சில மீண்டும் சீடர்களுக்கு, சில வேதபாரகரையும் பரிசேயரையும், மக்களுக்கு வழிகாட்ட உட்கார்ந்திருந்தவர்களை, நோக்கியவை. புறசமயத்தாரையோ பாவிகள் என்று ஊர் ஒதுக்கியவர்களையோ நோக்கி அவர் ஒருமுறைகூட அந்தச் சொல்லை எடுத்ததாகப் பதிவில்லை. புறசமயத்தாரிடையே ஊர் ஊராகப் போன பவுலின் நிருபங்களில் அந்தச் சொல்லே கிடையாது. அப்போஸ்தலருடைய நடபடிகளில் இத்தனை பிரசங்கங்கள் இருக்கின்றன, அவற்றிலும் இல்லை. கடவுளின் பேரைச் சொல்லிக்கொண்டே சின்னவர்களை எரித்த இடத்தின் பெயரை, கடவுளின் பேரைச் சொல்கிறவர்கள் முகத்துக்கு நேரே அவர் சொன்னார். ஹெல் என்ற சொல்லில் இந்த முகவரி கிழிந்துபோயிற்று. உள்ளே இருப்பவர்களுக்கு எழுதிய எச்சரிக்கை, வெளியே இருப்பவர்களுக்கு அனுப்பும் மிரட்டலாக மாறிவிட்டது.

வலிமையான மறுப்பு ஒன்றுக்கு வருகிறேன். லூக்காவின் 16ஆம் அதிகாரத்தில் ஐசுவரியவான் வேதனைப்படுகிறான், நாவை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்கிறான். அவன் இருப்பது கெஹென்னாவில் இல்லை, ஹேடிஸில். அப்படியானால் ஹேடிஸிலும் நெருப்பு உண்டே, இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் என்ன? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இயேசுவின் காலத்துக்குள் யூதச் சிந்தனையில் ஷியோல் மாறியிருந்தது. ஏனோக்கின் புத்தகம் இறந்தோர் உலகத்தில் நீதிமான்களுக்கும் பாவிகளுக்கும் தனித்தனிக் குகைகளைக் காட்டுகிறது. சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த அராமிய ஏடுகளிலும் அந்தப் புத்தகத்தின் துண்டுகள் உண்டு. ஆனாலும் அந்தக் குகைகள் தீர்ப்புக்குமுன் காத்திருக்கும் இடங்கள். லூக்காவின் அந்தக் கதையிலும் ஐசுவரியவானின் ஐந்து சகோதரர்கள் அப்போது பூமியில் உயிரோடிருக்கிறார்கள். கடைசித் தீர்ப்பு இன்னும் வரவில்லை. காவலில் இருப்பவனும் துன்பப்படலாம், அதற்காகக் காவலும் தண்டனையும் ஒன்றாகிவிடா. சொல்லின் பொருள் காலத்தில் நகர்ந்தது உண்மை. நகர்ந்தபின்னும் கிரேக்கம் இரண்டு சொல்லை வைத்திருந்தது, சுவிசேஷகர்கள் இரண்டையும் மாற்றிப் போடவில்லை என்பதும் உண்மை.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. முடிவில்லாத தண்டனை என்ற கோட்பாடு இந்த நான்கு சொற்களின் மேல் நிற்கவே இல்லை என்று இறையியலர் சொல்லக்கூடும். மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்தில் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரித்தபின் நித்திய தண்டனை என்று வருகிறது. அங்கே ஷியோலும் இல்லை, கெஹென்னாவும் இல்லை. ஆகஸ்டின் 'கடவுளின் நகரம்' நூலின் 21ஆம் பகுதியில் வாதாடியபோது அந்த வசனத்தையும் துணைக்கொண்டார். ஆங்கிலச் சொல் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஒப்புக்கொள்கிறேன். சொற்களைப் பிரித்துவிட்டால் நரகம் காணாமல் போய்விடும் என்பது என் வாதமல்ல. அலெக்சாந்திரியாவின் ஒரிகன் 3ஆம் நூற்றாண்டில் எல்லாம் கடைசியில் கடவுளிடம் மீளும் என்று எதிர்பார்த்தபோதும், ஆகஸ்டின் அதை மறுத்தபோதும், அவர்கள் தர்க்கம் செய்தது ஒரு கேள்வியைப் பற்றி: தீமைக்குக் கடவுள் தரும் பதில் என்ன? இறந்தவர்கள் எங்கே என்பது வேறு கேள்வி. முதற்கேள்வி நீதியிலிருந்து எழுகிறது, இரண்டாவது பிரிவுத்துயரிலிருந்து. யாக்கோபு கேட்டது இரண்டாவதை. எரேமியா கேட்டது முதலாவதை. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் இரண்டையும் ஒரே கேள்வியாக்கிவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. அதன் விளைவு சாவு வீட்டில் தெரியும். இறந்தவர் எங்கே என்று தாங்கமாட்டாமல் கேட்கும் ஒருவருக்கு, அவர் எப்படிப்பட்டவர் என்ற விசாரணையையே பதிலாகத் தரும் பழக்கம் அந்தச் சொல்லிலிருந்து எளிதாகக் கிளைக்கிறது. விவிலியமோ யாக்கோபை அப்படி விசாரிக்கவில்லை, அவரை அழவிட்டது.

தமிழ் விவிலியம் இந்த வகையில் பெரும்பாலும் தப்பித்தது. ஷியோலுக்கும் ஹேடிஸுக்கும் பாதாளம், கெஹென்னாவுக்கு நரகம் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் வைத்தார்கள். யாக்கோபு தமிழில் பாதாளத்தில்தான் இறங்குகிறார், யோபு பாதாளத்தில்தான் ஒளியக் கேட்கிறார், ஐசுவரியவான் பாதாளத்திலே வேதனைப்படுகிறான். இந்தப் பிரிவினையை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, மொழியில் தயாராக இருந்தது. புராணங்களில் பாதாளம் கீழே உள்ள ஏழு உலகங்களில் ஒன்று. மாபலி ஆளும் சுதலமும் அந்த ஏழில் ஒன்று. பாதாளம் சொர்க்கத்தைவிட இன்பமானது என்று நாரதர் சொன்னதாக விஷ்ணு புராணம் கூறுகிறது. நரகம் அப்படியல்ல, அது வினைக்குரிய தண்டனைக்கூடம். பாகவதம் அதில் 28 வகை எண்ணும். வள்ளுவரும் தண்டனைக்கு 'அளறு' என்று தனிச்சொல் வைத்திருந்தார், சேறு என்ற பொருளில். இத்தனை இருந்தும் 9ஆம் சங்கீதத்தில், துன்மார்க்கர் போகும் இடத்தில், நமது பழைய மொழிபெயர்ப்பிலும் பாதாளம் நரகமாகிவிட்டது. ஆங்கிலேயரைப் பிடித்த அதே உந்துதல் இங்கும் ஒரு கணம் கையைப் பிடித்திருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் நிலைமை நேராக இருக்கிறது. சிலுவைக்கும் உயிர்ப்புக்கும் இடையே கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று தமிழர் சொல்லிவந்தார்கள். ஆங்கிலத்தில் அவர் ஹெல்லில் இறங்கினார் என்றே தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பல ஆங்கிலச் சபைகள் இறந்தோரிடம் இறங்கினார் என்று மாற்றிக்கொண்டன.

நரகம் என்ற தமிழ்ச் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்து மரபில் நரகம் முடிவுள்ளது. வினை தீர்ந்ததும் உயிர் வெளியேறும். கிறிஸ்தவர் அதே சொல்லை முடிவில்லாததற்கு ஆளும்போது கேட்பவர் மனதில் இரண்டு பொருளும் உரசிக்கொள்ளும். ஆனால் கெஹென்னா பிறந்த யூத மரபு இதில் நம் பக்கத்துக்குத்தான் நெருக்கம். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுத்த மிஷ்னா என்ற யூத நூலில் துன்மார்க்கருக்குக் கெஹென்னாவில் தீர்ப்பு பன்னிரண்டு மாதம் என்று ஒரு கருத்து பதிவாகியிருக்கிறது. தாய் தகப்பன் இறந்தால் பிள்ளைகள் கதீஷ் ஜெபத்தைப் பதினோரு மாதம் சொல்லி நிறுத்தும் வழக்கமும் இதை ஒட்டியது. பன்னிரண்டு மாதமும் சொன்னால், பெற்றவரைத் துன்மார்க்கர் கணக்கில் சேர்த்ததாகிவிடும் அல்லவா! அரபியில் ஜஹன்னம் என்று வழங்குவதும் இதே பள்ளத்தாக்கின் பெயர்தான். இஸ்லாமும் மரணத்துக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட பர்ஸகை ஜஹன்னத்தோடு கலக்காமல் தனியே வைத்திருக்கிறது.

இன்னோம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் மேட்டில், கெதெஃப் ஹின்னோம் என்ற இடத்தில், 1979இல் கப்ரியேல் பர்காய் என்ற தொல்லியலாளர் பாறையில் குடைந்த பழைய கல்லறைக் குகைகளை அகழ்ந்தார். இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. நம் ஊரில் தகட்டில் எழுதிச் சுருட்டிக் கழுத்தில் கட்டும் தாயத்துப் போலவே இருந்தவை. விரித்தபின்னும் பெரியது பத்து சென்டிமீட்டர் நீளத்தைத் தொடவில்லை. உடையாமல் விரிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. உள்ளே மெல்லிய கீறல்களாக, எண்ணாகமத்தில் ஆரோனின் மக்கள் ஜனங்களுக்குக் கூறும் ஆசீர்வாதத்தின் சொற்கள் இருந்தன. எழுத்தின் வடிவைக் கொண்டு கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணிக்கிறார்கள். யோசியாவும் எரேமியாவும் வாழ்ந்ததை ஒட்டிய காலம். கீழே பள்ளத்தாக்கில் தோப்பேத்தின் நினைவு ஆறியிராது. மேலே அதே ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு இறந்தோரைக் குகையில் கிடத்தி, அவர்களை ஷியோலுக்கு அனுப்பினார்கள். கடவுள் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக என்ற சொற்கள் இருந்த வெள்ளியையும் உடன் வைத்தே அனுப்பினார்கள்.